ஹால்விகாவில் பதினைந்து கற்கள்

அத்தியாயம் ஒன்பது

இந்த அத்தியாயத்தை எழுதச் சொன்னது யோர்டிஸ். மற்ற வழக்குகளை நானாக எழுதினேன். இதை மட்டும் அவர் உத்தரவாகவே போட்டார்.

"நீ அன்னைக்கு அடிச்ச ஜோக்கெல்லாம் அப்படியே இருக்கணும், எய்லெர்ட். ஒண்ணைக்கூட வெட்டக் கூடாது."

வெட்டவில்லை. படிக்கிறவர்கள் சிரிப்பு வருகிற இடத்தில் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். எனக்கு அவற்றைத் திரும்ப எழுதும்போது காது மடல் சூடாகிறது.

யோர்டிஸின் அலுவலகம் என்பது அவருடைய சமையலறை மேசைதான். படகுக் காப்பீட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். தானாக மூழ்கியதாகச் சொல்லப்பட்ட படகுகள் எப்படி மூழ்கின என்று விசாரித்துப் பழுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் குல்நெஸ் ஊர்க்காரர்கள் எது காணாமல் போனாலும் அவரிடம்தான் வந்தார்கள். காய்ந்த மீனைக் கத்தியால் சீவித் தின்றுகொண்டே யோசிப்பார். நான் அவருடைய உதவியாளன். படகை ஓட்டுவேன், கதவைத் தட்டுவேன், வாயை மட்டும் மூட மாட்டேன்.

ஜூன் நான்காம் தேதி காலையில் அந்த மேசைக்கு ஓஸ்தா வந்தார். மீன் ஆலையில் நாற்பது வருஷம் நின்ற பெண்மணி, வயது அறுபத்து நான்கு. ஒரு நீல நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன தொலைஞ்சுது, ஓஸ்தா?" என்றார் யோர்டிஸ்.

"விறகு."

"பாஸ், வழக்கு வந்த உடனே பத்திக்கிச்சு" என்றேன்.

ஓஸ்தா சிரிக்கவில்லை. "கல் வெச்ச விறகு" என்றார்.

யோர்டிஸின் கத்தி மீனில் பாதி இறங்கி நின்றது.

வடகோடியில் இருக்கிற எங்கள் கரையில் மரம் முளைக்காது. ருஷ்ய ஆறுகளில் நழுவுகிற கட்டைகள் கடலோடு வந்து இங்கே ஒதுங்கும். ஒதுங்கின கட்டையைக் கடல் ஏறும் கோட்டுக்கு மேலே இழுத்துப் போட்டு, அதன்மேல் கல் வைத்துவிட்டால் அது வைத்தவருடையது. எத்தனை வருஷம் கிடந்தாலும் யாரும் தொடுவதில்லை. வீட்டைப் பூட்டாமல் கடலுக்குப் போகிற ஊர் இது. கல் வைத்த கட்டையைத் தொட்டவன் என்று பெயர் வாங்கினால் கடைக்கு ரொட்டி வாங்கக்கூடப் போக முடியாது.

ஓஸ்தா நோட்டைத் திறந்து வைத்தார். ஹால்விகாவில் இரண்டு நாள் கூடாரம் அடித்துத் தங்கும் திட்டம் அது. சாலை கிடையாது, வீடு கிடையாது, படகில்தான் போக முடியும். அந்தக் குடாவில்தான் அவருடைய அப்பா கோடைக்குக் கோடை மீன் பிடித்தார். ஜூன் இருபத்து மூன்று யோன்சோக், எங்கள் நடுக்கோடைத் திருநாள். அன்று மாலை கடற்கரையெல்லாம் தீ மூட்டுவோம். ஓஸ்தாவும் அவருடைய தம்பி அர்ன்ஃபினும் அந்தத் தீயை ஹால்விகாவில் மூட்டுவதாக இருந்தது. ஒன்பது வருஷமாகப் பேசிக்கொள்ளாத அக்கா, தம்பி. இந்தத் திட்டம்கூடத் தபாலில்தான் முடிவானது.

"எதுக்குச் சண்டைன்னு ஊருக்கே தெரியும். அப்பாவோட படகை யோன்சோக் தீயில போட்டுட்டான். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை" என்றார் ஓஸ்தா.

மக்கிப்போன படகை யோன்சோக்கில் எரிப்பது எங்கள் வழக்கம்தான். ஆனாலும் கேட்டிருக்க வேண்டும்.

யோர்டிஸ் நோட்டைப் புரட்டினார். ஒன்பது பக்கம். எந்த நாள் எந்தக் காற்று அடிக்கலாம், கூடாரத்தின் வாசல் எந்தப் பக்கம், கழிப்புக் குழி எங்கே, எல்லாம் இருந்தது. நடுவில் இப்படியும் இருந்தது: 'அர்ன்ஃபின் - கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, அவன் மறந்துவிடுவான். அர்ன்ஃபின் - காபி இரண்டு கப்புக்கு மேல் இல்லை, நெஞ்சு. அர்ன்ஃபின் - தலையணை உயரம். கூடாரம் - அர்ன்ஃபின் கொண்டுவருகிறான், அப்பாவுடையது. விறகு - நான்.'

"பேசாத தம்பிக்கே ஒன்பது பக்கமா? பேசியிருந்தா காகிதத்துக்குத் தனியா ஒரு படகு வேணும்" என்றேன்.

"ரெண்டு வருஷமா ஒவ்வொரு கட்டையா இழுத்து அடுக்கினேன்" என்றார் ஓஸ்தா, என்னைப் பார்க்காமல். "மூணு அடுக்கு. ஒவ்வொண்ணு மேலயும் அஞ்சு கல். முந்தாநாள் போய்ப் பார்த்தா கட்டை ஒண்ணுகூட இல்லை. கல்லு மட்டும் இருக்கு."

"அர்ன்ஃபின்னு நெனைக்கிறியா?"

"கேக்காம எரிக்கிறது அவன் பழக்கம்." அவருடைய குரல் இறங்கிவிட்டது. "யோர்டிஸ், எனக்கு விறகு வேணாம். அவன்தான்னா முன்கூட்டியே தெரிஞ்சுக்கணும். தெரியாம நான் அவன் எதிர்ல போய் உட்கார முடியாது. ஒவ்வொரு வாய் காபிக்கும் அவன் மூஞ்சியைப் பார்த்து, நீயா நீயான்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். நாளைக்குத் தபால் படகு வருது. இன்னைக்குத் தெரியலைன்னா வர வேணாம்னு எழுதிப் போட்டுருவேன்."

"போன் பண்ணலாமே" என்றேன்.

"அவன் குரலைக் கேட்டா எனக்கு அழுகை வந்துரும்."

வாசல் வரை போனவர் திரும்பி என்னைப் பார்த்தார். "உனக்கு ஹால்விகா தெரியுமாப்பா?"

"பொறந்ததுலேர்ந்து அந்தப் பக்கம் காலே வெச்சதில்லைக்கா. காபி மெஷின் இல்லாத ஊருக்கு நான் போறதில்லை."

யோர்டிஸ் மீன் துண்டை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

யோர்டிஸின் படகு பழையது. இயந்திரம் உண்டு, வரைபடத் திரை என்று எதுவும் கிடையாது. நான் சுக்கானைப் பிடித்தேன். அவர் முன்னால் சாக்குப் பையின்மேல் உட்கார்ந்து குடுவையிலிருந்து காபி ஊற்றிக்கொண்டார். கடல் முழுதாக ஏறியிருந்தது. அலை இல்லை, வெயில் இருந்தது. ஹால்விகாவை ஒரு முனை மறைத்துக்கொண்டிருக்கிறது. முனையைச் சுற்றுவதற்கு முன்னால் படகை இடது பக்கம் சட்டென்று ஒடித்தேன். யோர்டிஸின் காபி பாதி அவர் மடியில் கொட்டியது.

"மன்னிச்சுக்குங்க பாஸ். உங்க பேன்ட்டுக்கும் கொஞ்சம் காபி குடுக்கலாம்னு பார்த்தேன்."

"பரவாயில்லை" என்றார். எதையோ சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

குடா அரை வட்டமாக இருந்தது. கூழாங்கல் கரை, அதற்கு மேலே புல், அதற்கும் மேலே செங்குத்தான மலை. ஓஸ்தாவின் மூன்று அடுக்கு இருந்த இடத்தில் புல் வெளுத்து மூன்று நீளத் தழும்பாகக் கிடந்தது. பக்கத்தில் பதினைந்து கற்கள், பெரியதிலிருந்து சிறியது வரை, ஒரே கோட்டில்.

"பள்ளிக்கூடத்துல உயரப்படி நிக்க வெச்ச மாதிரி இருக்கு" என்றேன்.

"இதுல என்ன தெரியுது?"

"திருடனுக்கு நேரம் நிறைய இருந்துச்சு."

"கடல் அடிச்சுட்டுப் போயிருந்தா கல்லு சிதறியிருக்கும். வெளியூர்க்காரன் எடுத்திருந்தா கல்லைத் தூக்கி எங்கயாவது எறிஞ்சிருப்பான். அவனுக்கு அது வெறும் கல்லு." யோர்டிஸ் குனிந்து கடைசிக் கல்லைத் தொட்டார். "இதை மெதுவா எடுத்து மரியாதையா வெச்சிருக்கான். கல்லுக்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்சவன். தெரிஞ்சே எடுத்தவன். எடுக்கும்போதே வெட்கப்பட்டிருக்கான்."

நான் குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

அவர் கடல் ஏறும் கோட்டுக்குக் கீழே இறங்கி, ஈரக் கூழாங்கல்லைக் கையால் கிளறினார். சற்று நேரத்தில் அவர் உள்ளங்கையில் ஏழெட்டு ஆணிகள் இருந்தன. தீயில் வெந்து கறுத்த ஆணிகள். ஒதுங்குகிற கட்டைகளில் பாதி உடைந்த கப்பல் பலகை. ஆணி இல்லாமல் இருக்காது.

"எடுத்துட்டுப் போகலை. இங்கயே எரிச்சிருக்கான். கடல் வந்து கழுவிட்டுப் போகட்டும்னு கோட்டுக்குக் கீழே மூட்டியிருக்கான்."

"சுத்தமான திருடன். நம்ம ஊர்ப் பஞ்சாயத்துல வேலை குடுக்கலாம்."

யோர்டிஸ் புல் ஓரத்துக்கு நடந்து அங்கே நின்றுவிட்டார். உட்கார்வதற்காக இழுத்துப் போட்ட தட்டைக் கற்கள் ஐந்து இருந்தன. நான்கு ஒரு வரிசையாகக் கடலைப் பார்த்தபடி. ஒன்று மட்டும் தீ எரிந்த இடத்துக்கு எதிர்ப்பக்கம், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"நீ எங்க உட்காருவ?" என்றார்.

"வீட்ல."

"இங்கன்னா?"

நான் தோளைக் குலுக்கினேன். அவரே போய்த் தனியாகக் கிடந்த கல்லில் உட்கார்ந்தார். ஹால்விகாவில் காற்று வடமேற்கிலிருந்துதான் வரும், கடல் மேலிருந்து நேராக. எங்கள் ஊரில் நாய்கூடக் காற்றுக்கு முதுகைக் காட்டித்தான் படுக்கும்.

"நாலு பேர் மூஞ்சியில காத்தும் புகையும் வாங்கிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க, கடலைப் பார்க்கணும்னு. தெக்கத்தி ஆளுங்க, பட்டணத்துக்காரங்க. ஒருத்தன் மட்டும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கான். அவன் நம்ம ஆளு. நாலு விருந்தாளி, ஒரு உள்ளூர்க்காரன்."

அந்த இடத்தில் நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இது ஜோக்கும் அல்ல.

"அர்ன்ஃபின் அண்ணன் வருஷா வருஷம் மே மாசம் தெக்கத்தி ஆளுங்களைத் தூண்டில் போடக் கூட்டிட்டு வருவாரே, பாஸ். ஒரு தடவைக்கு நாலு பேர்."

சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டேன்.

"அப்படியா" என்றார் யோர்டிஸ். வெகு நேரம் என்னையே பார்த்தார். "சரி வா, போய்க் கேப்போம். நாப்பது நிமிஷப் பயணம்."

அந்த நாற்பது நிமிஷத்தில் நான் ஒரு ஹெர்ரிங் மீனும் வரி அதிகாரியும் சேர்ந்து வருகிற கதையைச் சொன்னேன். நீளமான கதை. அவர் சிரிக்கவில்லை.

அர்ன்ஃபினின் வீட்டுக்குப் பக்கத்தில் மீன் காயப்போடும் மரச் சட்டங்கள் உண்டு. அன்று அதில் மீன் இல்லை. ஒரு பழைய கூடாரத் துணி விரிந்து தொங்கியது. அப்பாவுடைய கூடாரம். கிழிந்த இடமெல்லாம் புதுத் துணி வைத்துத் தைத்திருந்தது. படகுப் பாய் தைக்கிற தடித்த நூல், சின்னச் சின்னத் தையல். அவர் அந்தத் துணிக்குப் பின்னாலிருந்து ஊசியும் கையுமாக வெளியே வந்தார். பெரிய உடம்பு, மெதுவான நடை.

யோர்டிஸைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஓஸ்தாவுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"அவ நல்லாத்தான் இருக்கா. அவளோட விறகுதான் போயிருச்சு" என்று யோர்டிஸ் விஷயத்தைச் சொன்னார்.

அர்ன்ஃபின் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துக்கொண்டார். "நான் எடுத்தேன்னு சொன்னாளா?"

"கேட்டுட்டு வரச் சொன்னா."

"அப்படின்னா அதுதான் அர்த்தம்." சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "படகு விஷயத்துல நான் செஞ்சது தப்புதான். மக்கிப்போச்சு, எல்லாரும் செய்யறதுதானேன்னு நெனச்சேன். கடைசியா ஒரு தடவை அவ அதுல உட்காரணும்னு ஆசைப்பட்டிருக்கா, எனக்குத் தெரியலை. அதுக்காக ஒன்பது வருஷம் தலைகுனிஞ்சு நின்னாச்சு. ஆனா கல் வெச்ச கட்டை… என்னை அவ்வளவு கேவலமானவன்னா நெனச்சுட்டா?"

"மே மாசம் உன் வீட்டுக்கு விருந்தாளிங்க வந்தாங்களா?"

"இந்த வருஷம் ஒருத்தரையும் ஏத்துக்கலை. நெஞ்சு சரியில்லை, டாக்டர் வேணாம்னுட்டார். ஊருக்கே தெரியுமே."

யோர்டிஸ் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

"மே ஒண்ணாம் தேதி வாக்குல ஹால்விகா பக்கம் ஏதாவது பார்த்தியா?"

அர்ன்ஃபின் தயங்கினார். சொல்லலாமா வேண்டாமா என்று துணியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"புகை பார்த்தேன். ஒண்ணாம் தேதி சாயங்காலம். முனைக்கு வெளிய தூண்டில் போட்டுட்டு இருந்தேன், உள்ளேர்ந்து புகை வந்துச்சு. ஓஸ்தாதான்னு நெனச்சேன். இடம் பார்க்க வந்திருப்பா, காபி போடறாபோலன்னு." அவர் முகம் சிவந்துவிட்டது. "போய் இறங்கிடலாமான்னு வந்துச்சு. மூழ்கின பாறை வரைக்கும் படகை ஓட்டிட்டுப் போயிட்டேன். அங்கேர்ந்து கரை தெரியாது, புகை மட்டும்தான் தெரியும். போய் என்ன சொல்றது? காபி இருக்கான்னு கேக்கறதா? வெட்கமா இருந்துச்சு. திரும்பிட்டேன். ஆனா வீட்டுக்கு வந்து அன்னைக்குத்தான் கூடாரத்தை எடுத்துப் பிரிச்சேன்."

பிறகு அவர் அந்தத் துணியைச் சட்டத்திலிருந்து இறக்கினார். மடித்தார். ஒவ்வொரு மடிப்பையும் கையால் அழுத்தினார். மூட்டையாகக் கட்டி என் கையில் கொடுத்தார்.

"அவகிட்ட குடுத்துரு தம்பி. மழை ஒழுகாது. நான் வரலைன்னு சொல்லு."

நான் அதை வாங்கிக்கொண்டு படகுக்கு வந்தேன். கனமாக இருந்தது. மீன் எண்ணெய் வாடை அடித்தது. வைக்க இடம் இருந்தும் வைக்கத் தோன்றாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

யோர்டிஸ் கயிற்றை அவிழ்க்கவில்லை. கத்தியை எடுத்து மீனைச் சீவ ஆரம்பித்தார்.

"நீ வாயைத் திறந்து இருபது நிமிஷமாச்சு, எய்லெர்ட்."

"ஒண்ணும் தோணலை பாஸ்."

"எனக்கு ஒண்ணு தோணுது. ஹால்விகா முனைக்கு வெளிய அந்த மூழ்கின பாறை இருக்கே, கடல் ஏறி நிக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. காலையில நான் முன்னாடி உட்கார்ந்து, இடது பக்கம் ஒடின்னு சொல்ல வாயைத் திறந்தேன். நீ அதுக்குள்ள ஒடிச்சுட்ட. காபி என் மடியில கொட்டுச்சு. பொறந்ததுலேர்ந்து காலே வெக்காத இடத்துல உனக்கு அந்தப் பாறையை யார் காட்டினது?"

மடியிலிருந்த மூட்டையின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மே ஒண்ணாம் தேதி நீ எங்க இருந்த? காய்ச்சல்னு எனக்கு போன் பண்ணின. மே மாசத்துல நீ வேலைக்கு வராதது அந்த ஒரு நாள்தான்."

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஓஸ்லோவிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். வடக்குக் கரையில் சொகுசுக் கூடாரம் போட இடம் தேடினார்கள். கண்ணாடிக் கூரை, ஆட்டுத்தோல் விரித்த கட்டில், வெந்நீர்த் தொட்டி. ஒத்துவந்தால் அங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள என்னை வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். என் மச்சானின் படகில் ஹால்விகாவுக்குக் கூட்டிப் போனேன். "உண்மையான வடக்குத் தீ எப்படி இருக்கும்?" என்று ஒருத்தி கேட்டாள். கரையில் கிடந்ததெல்லாம் ஈரக் கட்டை. ஓஸ்தாவின் அடுக்கு காய்ந்திருந்தது. யாருடையது என்று தெரியாது, யாரோ ஒருவருடையது என்று நன்றாகத் தெரியும். முதல் அடுக்கை எடுக்கும் முன்னால் கடலில் யாராவது போகிறார்களா என்று பார்த்துக்கொண்டேன். தீ எழும்பியதும் அவர்கள் கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். இரண்டாவது அடுக்குக்கு அப்படிப் பார்க்கவில்லை. மூன்றாவதைப் பேசிக்கொண்டே போட்டேன். கற்களைத் தூக்கி எறிய மட்டும் மனம் வரவில்லை. வரிசையாக வைத்தேன். அது ஏதோ ஒரு நேர்மை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"அப்புறம்?"

"ஒரு வாரம் கழிச்சு எழுதினாங்க. அந்த இடத்துல காத்து ரொம்ப அடிக்குதாம். வேண்டாம்னுட்டாங்க."

வேறு எந்த நாளாக இருந்தாலும் யோர்டிஸ் இதற்குச் சிரித்திருப்பார்.

"கட்டையை எரிச்சது ஒரு தப்பு" என்றார். "காலையில அந்த மேசையிலயே சொல்லியிருந்தா அதோட போயிருக்கும். அந்தப் பொம்பளை நோட்டைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா, நீ விளையாட்டுப் பேச்சு பேசற. அப்புறம் அர்ன்ஃபின் பேரை நீயே எடுத்துக் குடுக்கற. இது வேற தப்பு."

"பாறைகிட்டயே தெரிஞ்சுதுன்னா ஏன் என்னை இங்க கூட்டிட்டு வந்தீங்க?"

"நாப்பது நிமிஷம் குடுத்தேன். நீயே சொல்லிருவேன்னு நெனச்சேன். நீ ஹெர்ரிங் கதை சொன்ன." கத்தியைத் துடைத்து உறையில் போட்டார். "அந்த மனுஷன் துணியை மடிச்சதைப் பார்த்தப்புறம் எனக்கும் வெட்கமாத்தான் இருக்கு. உன்னைப் பிடிக்கிறதுக்காக அவனை அப்படி நிக்க வெச்சிருக்கக் கூடாது. போ. மூட்டையைத் தூக்கிட்டுப் போ. நான் வர மாட்டேன்."

படகிலிருந்து அந்த வீட்டு வாசல் நூறு அடி இருக்கும். என் வாழ்க்கையில் அவ்வளவு தூரம் நடந்ததில்லை.

அர்ன்ஃபின் வெறும் சட்டங்களுக்கு முன்னால் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். நின்றபடியே சொன்னேன். என்னால் முடிந்தவரை சுருக்காமல் சொன்னேன். விருந்தாளிப் பேச்சை எடுத்துக் கொடுத்ததும் நான்தான் என்று சொன்னேன்.

"அப்ப அந்தப் புகை" என்றார் கடைசியில்.

"என்னோடது அண்ணே."

தலையை ஆட்டினார். அடித்திருந்தால் நிம்மதியாக வாங்கிக்கொண்டிருப்பேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். "ஓஸ்தா ஒரு கெட்டில் காபிக்கு மூணு குச்சிக்கு மேல வெக்க மாட்டா. சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான், கஞ்சம். அவ்வளவு புகை அவளோடதா இருக்காதுன்னு பாறைகிட்டயே தெரிஞ்சுபோச்சு. அவதான்னு நானா நெனச்சுக்கிட்டேன். ஒரு மாசம் நல்லா இருந்துச்சு."

மூட்டையை அவர் காலடியில் வைத்தேன். அவர் அதை எடுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

மதியத்துக்கு மேல் ஓஸ்தாவின் வீட்டுக்குப் போனேன். மேசையில் தபால் உறை தயாராக இருந்தது, முகவரி எழுதி, ஒட்டாமல். அவரிடமும் முழுவதையும் சொன்னேன், அர்ன்ஃபின் புகையைப் பார்த்து வந்து திரும்பியதையும் சேர்த்து. திட்டுவார், கதவைக் காட்டுவார், கடைக்காரனுக்கு போன் பண்ணுவார் என்று காத்திருந்தேன். காபி மெஷின் இல்லாத ஊருக்குப் போவதில்லை என்று காலையில் இதே பெண்மணியிடம் சொன்னவன் நான்.

அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அவன் எவ்வளவு கிட்ட வந்தானாம்?"

"மூழ்கின பாறை வரைக்கும்."

"பாறை வரைக்கும் வந்தானா" என்றார். உட்கார்ந்தார். மறுபடி ஒரு முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். உறையை எடுத்து நான்காகக் கிழித்தார். பிறகு போனை எடுத்தார். ஒன்பது வருஷமாகப் போடாத எண், பார்க்காமலே போட்டார். அந்தப் பக்கம் எடுத்தது எனக்குக் கேட்டது. ஓஸ்தா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

நான் நழுவப் பார்த்தேன். அவர் விரலை நீட்டி நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

"நான் உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன்டா" என்று போனில் சொன்னார். அந்தப் பக்கம் அர்ன்ஃபின் ஏதோ சொன்னார். "ஆமா. மூணு குச்சிதான் வெப்பேன். அதுல என்ன தப்பு?" என்றார் ஓஸ்தா, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

போனை வைத்ததும் நீல நோட்டை இழுத்தார். 'விறகு - நான்' என்ற வரியை அடித்தார். அதற்குக் கீழே 'விறகு - எய்லெர்ட்' என்று எழுதினார்.

"பத்தொன்பது நாள் இருக்கு. ஒத்தைக் கட்டை குறையக் கூடாது. கல்லை நீ வெக்காதே, அதை நான் வந்து வெச்சுக்கறேன்."

"சரிக்கா."

அவர் பேனாவைத் தாளிலிருந்து எடுக்கவில்லை. என் பெயருக்கு நேரே அதை வைத்தபடியே கேட்டார். "நீ எத்தனை கப் காபி குடிப்ப?"

"நான் வரலைக்கா. கட்டையை இறக்கி வெச்சுட்டுப் போயிடறேன்."

"எத்தனை கப்னு கேட்டேன்."

நான் கிழிந்த உறைத் துண்டுகளை மேசையிலிருந்து பொறுக்க ஆரம்பித்தேன். அவர் இரண்டு என்று எழுதிக்கொண்டார்.

பத்தொன்பது நாளும் ஹால்விகாவில் கட்டை இழுத்தேன். ஓஸ்தாவின் கைகளுக்குத் தெரிந்த ஈரக் கட்டையின் கனம் என் கைகளுக்கும் தெரிந்தது. நான் தனியாகக் கட்டை இழுப்பதைக் கடலில் போன படகுக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

யோன்சோக் மாலையில் அப்பாவின் கூடாரத்தை அர்ன்ஃபின் அடித்தார். வாசல் எந்தப் பக்கம் என்று அக்காவும் தம்பியும் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். யோர்டிஸ் மீன் சீவிக்கொண்டிருந்தார். தீ மூட்டியதும் அர்ன்ஃபின் தட்டைக் கற்களைத் தீயின் கடல் பக்கம் இழுத்துப் போட்டார், காற்றுக்கு முதுகைக் காட்டி. நான் போய் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். புகை நேராக என் முகத்தில் அடித்தது.

"அங்க ஏண்டா உட்கார்ந்திருக்க? கண்ணெல்லாம் தண்ணியா ஊத்துது பாரு. இந்தப் பக்கம் வா" என்றார் அர்ன்ஃபின்.

"இங்கயே இருக்கேன் அண்ணே. புகைதான்."

ஓஸ்தா எழுந்து, தீயைச் சுற்றிக்கொண்டு வந்து, என் கையில் முதல் கப் காபியைக் கொடுத்தார்.